தலைச்சுமை தீர்மானிக்கும் வெள்ளாமை

பொதிகை மழைக்காட்டில் காணி மக்களின் வாழ்வும் விவசாயமும்

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறுகிறவர்களில் வள்ளியின் கதை தெரியாதவர் அரிது. வேடர் குலத்தில் வளர்ந்து, தினைப்புனம் காத்த பெண்ணை முருகன் மணந்த தலம் இது என்பது நம்பிக்கை. தேனும் தினைமாவும் அந்தக் கதையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். காட்டில் தேன் எடுத்து, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து வெள்ளாமை செய்யும் குடிகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். மாநிலத்தின் தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டத்துப் பொதிகை மலையில் வாழும் காணி மக்கள் அவர்களில் ஒரு பிரிவினர்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனம் தந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் அந்த மலையில்தான் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணையையும் சேர்வலாறு அணையையும் ஒட்டி சின்ன மைலாறு, பெரிய மைலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று அவை பரவிக் கிடக்கின்றன.

படகு, பிறகு நடை

இவற்றில் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இஞ்சிக்குழி. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே அங்கு உள்ளன. காரையாறு அணைவரைதான் தார்ச்சாலை. அணையில் தண்ணீர் நிற்கும்போது படகில் கடந்து, அக்கரையிலிருந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கிவிட்டால் நடைதூரம் கூடும். மழை வலுத்து ஓடைகளில் வெள்ளம் வந்தால் அது வடியும்வரை காத்திருக்க வேண்டும். ரேஷன் அரிசி மேலே போவதும், விளைபொருள் கீழே வருவதும் இதே வழிதான். பாம்புக்கடி, பிரசவ வலி என்றாலும் வேறு வழி கிடையாது.

ஈத்தல் என்னும் நாணல் மூங்கிலாலும் மண்ணாலும் வீடு கட்டுவது காணி மக்களின் பழைய வழக்கம். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. முன்பு ஓரிடத்தில் காட்டைத் திருத்திப் பயிர் செய்து, சில ஆண்டுகளில் அடுத்த இடத்துக்கு மாறுவார்கள். இப்போது ஒரே இடத்தில் நிலைத்த வெள்ளாமைதான். 1988-ல் இந்தக் காடு களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். அதன்பின் காட்டுக்குள் போய்வருவதற்கும், பொருள் சேகரிப்பதற்கும், சாலை போடுவதற்கும் கட்டுப்பாடுகள் கூடின.

கிழங்கு வயிற்றுக்கு, மிளகு சந்தைக்கு

மரச்சீனிக் கிழங்கு, வாழை, சேனை, மிளகு, பாக்கு ஆகியவை காணி மக்களின் முக்கிய விளைச்சல். மரச்சீனி எளிதில் வளரும், வீட்டுப் பசியைத் தீர்க்கும். ஆனால் தோண்டி எடுத்த இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். பிடுங்கிய கிழங்கு படகுக்காகக் காத்திருக்காது. மழைவெள்ளம் வழியை மறித்தால் சரக்கு வீண். போதாக்குறைக்கு, காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் கிழங்கு பிடித்த தீனி.

மிளகின் கணக்கு வேறு. ஒருவர் தலைச்சுமையாக 25 கிலோ தூக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழங்கு கிலோ 20 ரூபாய் என்றால் கைக்கு வருவது 500 ரூபாய். மிளகு கிலோ 500 ரூபாய் என்றால் அதே சுமைக்கு 12,500 ரூபாய். நன்றாகக் காய்ந்த மிளகு மாதக்கணக்கில் கெடாது, விலை சரியில்லை என்றால் வைத்திருந்து விற்கலாம். கொடி நட்டு மூன்றாம் ஆண்டிலிருந்துதான் காய்ப்பு என்பதால், அதுவரை வயிற்றுக்குக் கிழங்கு வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பயிரிடுவது அந்த மலைக்குப் பொருந்துகிறது.

பச்சை மிளகு 100 கிலோவைக் காயவைத்தால் ஏறக்குறைய 33 கிலோ கிடைக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் பழுத்துச் சிவந்ததும் பறிக்க வேண்டும். உதிர்த்த மணிகளைக் கூடையில் போட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் சீக்கிரம் காயும், நிறமும் ஒரே சீராகக் கறுக்கும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழை விடாத இடங்களில் சூரிய உலர்த்தி இருந்தால் பாதிக் கவலை தீரும். கிழங்கையும் சீவி, வெந்நீரில் வாட்டி, உலர்த்தினால் சுமை பாதிக்கும் கீழே குறையும், மழைக்காலத்துக்கு உணவும் ஆகும்.

தேனுக்கும் இதே கவனம் வேண்டும். மலைத்தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நாளடைவில் புளித்துவிடும். அடையைப் பிழியாமல், துணியில் வடியவிட்டு எடுத்த தேனில் மெழுகும் புழுவும் கலப்பதில்லை. அதற்கு விலையும் கூடுதல்.

அறிவுக்கும் ஒரு பங்கு

இதே மலையின் கேரளப் பக்கத்திலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். 1987-ல் மூலிகை ஆய்வுக்காக அங்கே காடேறிய விஞ்ஞானிகள் களைத்துப்போனபோது, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே சோர்வில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதைக் கொண்டு திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பணத்தைப் பெற 1997-ல் அவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக இது உலக அளவில் பேசப்பட்டது.

நிலத்துக்கு ஒரு காகிதம்

தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பட்டா இல்லாததே காட்டுக் குடிகளின் பெரிய குறை. அதற்காக வந்ததுதான் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்து பயிர்செய்யும் பழங்குடியினர், தாங்கள் அனுபவிக்கும் நிலத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர்வரை உரிமை கோரலாம். மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஆவணம் தரப்படும். அது பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும், விற்க முடியாது. தேன், மூங்கில் போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதில் அடங்கும்.

பலருக்குத் தெரியாத பிரிவு ஒன்றும் இந்தச் சட்டத்தில் உண்டு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். சபை கூடித் தீர்மானம் போடாத வரை கோப்பு நகராது.

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் வாழும் இருளர் குடும்பங்களில் வன நிலத்தை நம்பியிருப்போருக்கும் இதே சட்டம்தான். மனு முதலில் கிராம சபைக்குப் போக வேண்டும். அதன் வன உரிமைக் குழு நிலத்தை நேரில் பார்த்த பின், கோட்ட அளவிலான குழுவும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவும் பரிசீலிக்கும். பழைய அரசு ஆவணங்கள் இல்லாவிட்டாலும் கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற அடையாளங்களும், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். மனு தள்ளுபடியானால், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சமவெளி விவசாயிக்கும் இஞ்சிக்குழிக் கணக்கு தூரமானதல்ல. திருத்தணிப் பக்கம் வெட்டிய கரும்பு ஆலைக்குப் போக ஒவ்வொரு நாள் தாமதமானாலும் எடை குறைகிறது. சந்தைக்குப் போகும் வழி, வண்டிக்குக் காத்திருக்கும் நாள், சரக்கு தாங்கும் காலம் இந்த மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு விதையைக் கையில் எடுப்பது நல்லது. மலையில் அந்தக் கணக்குத் தப்பினால் கிழங்கு படகுத்துறையிலேயே அழுகிவிடும்.