தொப்பி ஊசியும் முதல் காரும்

காரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு மார்க் கேள்வி. கார்ல் பென்ஸ் என்று எழுதினால் முழு மார்க். ஜெர்மனியில் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டவர் அவர்தான். ஆனால் அந்தக் காரை முதன்முதலில் ஊர் விட்டு ஊருக்கு ஓட்டிப் போனது யார் தெரியுமா? அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ்!

அந்தக் கார் நம்ம ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டி. கூரை கிடையாது. மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை நம்பி வாங்க ஆள் வரவில்லை. கார்ல் பென்ஸோ, இன்னும் சரி செய்யணும், இன்னும் சரி செய்யணும் என்றே இருந்தார். பெர்த்தா பார்த்தார். 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடிகாலையில் கணவரிடம் சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைம் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார். கூடவே மகன்கள் இரண்டு பேர். ஆய்கனுக்கு 15 வயசு, ரிச்சர்டுக்கு 13. நம்ம ஸ்கூல்ல இருந்தால் பத்தாவதும் எட்டாவதும் படிப்பாங்க! போக வேண்டிய இடம், போர்ட்ஸ்ஹைமில் உள்ள அம்மா வீடு. சுமார் 106 கிலோமீட்டர்.

பெட்ரோல் பங்க் அப்போது உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நிறுத்தி, லிக்ராயின் வாங்கி ஊற்றினார்கள். அது துணிக்கறை போக்கப் பயன்படும் ஒரு பெட்ரோலியத் திரவம். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக்கடையைத்தான் சொல்கிறார்கள்.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. இஞ்சின் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றினால் அடிபிடிக்கிறதே, அது மாதிரி இங்கே தண்ணீர் வற்றினால் இஞ்சின் போச்சு! அதனால் தண்ணீர் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார்கள்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் குத்தியிருந்த நீள ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பி ஒன்று பழுதானபோது, காலுறை நழுவாமல் கட்டும் எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி அதில் சுற்றினார். மின்காப்பு என்று நாம் படிக்கிறோமே, அதேதான். செயின் தொந்தரவு தந்ததும் கொல்லரிடம் போனார்கள். பிரேக் என்பது வெறும் மரக்கட்டை. இறக்கத்தில் அது தேய்ந்துபோனது. செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டை மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார் பெர்த்தா. தோல் நன்றாகப் பிடிக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இது உராய்வுப் பாடம். பொம்பளப் பிள்ளைக்கு மெஷின் எதுக்கு என்று கேட்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம்!

ஏற்றத்தில் வண்டி ஏறவில்லை. இறங்கித் தள்ளினார்கள், பாவம். இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து வண்டியிலேயே திரும்பினார்கள். ஏற்றத்துக்குத் தனியாக ஒரு கியர் வேணும் என்பது இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. கார்ல் அதைச் சேர்த்தார். இந்தக் கியரில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் சக்கரத்துக்கு இழுக்கிற பலம் கூடும். கியர் சைக்கிளில் மேடு ஏறினவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இன்னொரு விஷயம். 1871 இல், கல்யாணத்துக்கு முன்னாடியே, தன் சீதனப் பணத்தைக் கொடுத்து கார்லின் தொழிற்கூடத்தைக் காப்பாற்றியதும் பெர்த்தாதான். அவர் பிறந்தபோது அப்பா குடும்ப பைபிளில், ஐயோ இதுவும் பெண்ணாய்ப் போச்சே என்கிற மாதிரி எழுதி வைத்தாராம். நம்ம ஊர்லதான் அப்படிச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்!

பெர்த்தா சிறுமியாக இருந்த காலத்தில் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். 1944 மே 3 அன்று அவருக்கு 95 வயது நிறைந்தது. அன்றைக்கு, கார்ல் படித்த அதே கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ செனட்டர் என்ற பட்டத்தைத் தந்தது. இரண்டு நாள் கழித்து அவர் இறந்துபோனார். அவர் ஓட்டிப் போன பாதைக்கு 2008 இல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.