பிரயாணிகள் வருகையும் கிராமத் திட்டமும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பிரதேசம் ஏரிப் பாசனத்திற்கும் புராதன ஸ்தலங்களுக்கும் பேர்போனது என்பது யாவரும் அறிந்ததே. பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதராஜருக்குப் புஷ்பம் சுமந்து சென்றதாக ஐதிகம் கூறுகிறது. 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் இருப்புப் பாதையும் இப்பக்கமாகவே சென்றது. ஆகவே வெளியூர் ஜனங்கள் இங்கு வந்து போவது புதிதன்று. அவ்வருகையினால் நிலமுடையோருக்கும் கிராமத்திற்கும் நன்மை விளையுமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் புதிது. அவ்வேற்பாட்டின் நோக்கத்தையும் முறையையும் இங்கே விளக்குவோம்.

நோக்கம்

இத்தேசத்தில் பிரயாணிகள் வருகையைப் பெருக்குவது பற்றி ஆராய 1945-ஆம் ஆண்டில் ஸர் ஜான் ஸார்ஜெண்ட் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. நமது மாநிலத்தில் 1971-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. 2023-இல் அரசாங்கத்தார் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கிராமியச் சுற்றுலாவுக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது.

கூட்டத்தைப் பெருக்குவது மட்டுமே திட்டத்தின் நோக்கமாகாது. வருகிறவர்கள் செலவிடும் பணத்தில் நியாயமான பங்கு ஊரில் தங்கவேண்டும். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், கோயில் குளம் ஆகிய பொதுச் சொத்துக்கள் கெடாதிருக்கவேண்டும். சாகுபடிக்கு இடையூறு நேரக்கூடாது. இம்மூன்றும் நிறைவேறாவிடில், கூட்டம் எவ்வளவு பெருகினும் குடிகளுக்கு மிஞ்சுவது குப்பையும் புழுதியுமே.

செய்முறை

முதலாவது, இருப்புக் கணக்கு. ஊரிலும் அண்டையிலும் பார்க்கத்தக்கவை எவை என்பதை ஜாபிதா எழுதவேண்டும். இப்பிரதேசத்தில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர், திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சியம்மன், திருமழிசை ஜகந்நாதப் பெருமாள், திருநின்றவூர் பக்தவத்ஸலப் பெருமாள் ஆகிய சந்நிதிகள் உள்ளன. சற்றுத் தொலைவில், பூண்டிக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டில் கற்காலக் கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. இவற்றோடு வழி, குடிநீர், கழிப்பிடம், தங்குமிடம் ஆகியவற்றின் நிலைமையையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, தாங்கும் சக்தியின் அளவு. திருப்புவதற்கு வேண்டிய இடம் உட்பட ஒரு காருக்கு 270 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 43,560 சதுர அடி கொண்ட ஒரு ஏக்கரில் சுமார் 160 கார்களே நிற்கக்கூடும். அதற்குமேல் வருபவை களத்திலும் வரப்போரத்திலும்தான் நிற்கும். இங்ஙனமே தண்ணீருக்கும் கழிப்பிடத்திற்கும் கணக்கிட்டு, எது முதலில் போதாமற் போகுமோ அதையே ஊரின் எல்லையாகக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, பருவக் கணிப்பு. ஆடி மாதத்தில் அம்மன் ஸ்தலங்களில் ஜனக்கூட்டம் பெருகும். அப்போதுதான் சொர்ணவாரி அறுவடை தொடங்குகிறது. சம்பா நாற்றங்காலும் தயாராகிறது. நெல் வண்டியும் பிரயாணிகள் வண்டியும் ஒரே பாதையில் முட்டாதிருக்க, மாற்று வழியை முன்னதாகவே குறித்துவைக்க வேண்டும்.

நான்காவது, நிலப் பரிசீலனை. புறம்போக்கு, நீர்பிடிப்பு, வரத்துக்கால் ஆகியவற்றின் எல்லைகளைக் கிராம வரைபடத்தில் குறிக்கவேண்டும். ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்தில் விடுதி கட்டுவோர் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். இவை இரண்டிலும் கிராம அதிகாரிகள் ஜாக்கிரதையாக இருத்தல் அவசியம்.

ஐந்தாவது, குடிகளின் சம்மதமும் வரவு செலவுத் திட்டமும். வேலையை யார் செய்வது, வசூலை யார் வைத்துக்கொள்வது, பராமரிப்பு யார் பொறுப்பு என்பவற்றை எழுத்து மூலம் தீர்மானித்து, ஆண்டுதோறும் பரிசீலித்துத் திருத்தவேண்டும்.

ஏரித் தண்ணீர் விஷயம்

ஆவடியிலுள்ள பருத்திப்பட்டு ஏரி கழிவுநீர் கலந்து கெட்டிருந்தது. சுமார் 87 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அவ்வேரியைச் சீர்திருத்தி, நடைபாதையும் படகு சவாரியும் அமைத்து, 2019-ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறந்தார்கள். வீட்டுமனைகள் சூழ்ந்துவிட்ட நகரத்தில் இது நல்ல காரியமே.

ஆனால் ஆயக்கட்டு உயிரோடிருக்கும் கிராமம் இதை அப்படியே பின்பற்றலாகாது. நமது ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புகின்றன. பள்ளி விடுமுறையில் பிரயாணிகள் வருவதோ சித்திரை, வைகாசியில். படகு ஓட்டுகிறவர் ஏரியில் நீர் நிற்கவேண்டுமென்பார். சொர்ணவாரி பயிரிட்டவர் மதகைத் திறக்கவேண்டுமென்பார். திட்டத்தில் இதற்கு விதி எழுதப்படாவிடில், பணமும் செல்வாக்கும் உள்ள பக்கமே வெல்லும். ஆதலால், பாசனத்திற்கே முதலுரிமை என்றும், மதகைத் திறக்கும் அதிகாரம் பாசனதாரர்களிடமும் நீர்க்கட்டியிடமும் இருக்கவேண்டுமென்றும், நீர் குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே இறங்கியதும் படகு நிறுத்தப்படவேண்டுமென்றும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுதல் நலம்.

குமரகத்தின் அனுபவம்

கேரளத்தில் வேம்பநாட்டு ஏரிக்கரையிலுள்ள குமரகத்தில் பெரிய விடுதிகள் பல ஏற்பட்டபின்பும் ஊராருக்குப் போதிய ஆதாயம் இல்லாதிருந்தது. காய்கறிகளெல்லாம் வெளியிலிருந்தே வந்தன. 2007-ஆம் ஆண்டில் அங்கு பொறுப்புச் சுற்றுலா என்னும் ஏற்பாடு தொடங்கியது. பஞ்சாயத்தாரும், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும், விடுதிக்காரர்களும் கலந்து பேசி விலையை நிர்ணயம் செய்தார்கள். தரிசாகக் கிடந்த நிலங்கள் சாகுபடிக்கு வந்தன. விளைபொருள் விடுதிகளுக்கே விற்பனையாயிற்று. மகாராஷ்டிரத்திலும் பண்ணைகளிலேயே பிரயாணிகளைத் தங்கவைக்கும் முறையை ஆதரித்து 2020-இல் தனிக் கொள்கை வகுக்கப்பட்டது.

நமது பக்கத்திலும் மல்லிகை, கீரை, காய்கறி, இளநீர், மோர் முதலியவற்றைக் கோயில் வாசலில் குடிகளே கூட்டாக விற்பதற்கு இடம் ஒதுக்கினால், தரகர் கைக்குப் போகும் லாபம் விளைவித்தவர் கைக்கே வரும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை, ஒற்றுமையே தேவை.

முடிவுரை

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. நகரம் நெருங்கி வரும் வேகத்தை இவ்விரண்டும் காட்டுகின்றன. இன்னும் பஞ்சாயத்துகளாக உள்ள கிராமங்களுக்குக் கிராம சபை என்னும் உரிமை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் அது கூடுகிறது. அடுத்த கூட்டத்திற்குள் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் சேர்ந்து இருப்புக் கணக்கையும் ஏரி எல்லை வரைபடத்தையும் தயாரித்து வைப்பார்களாக. பிறர் வகுத்த திட்டம் வந்தபின் ஆட்சேபிப்பதைவிட, தமது திட்டத்தைத் தாமே முன்வைப்பது மேலான வழியாகும்.