மனம் சரியில்லாதபோது வியாபாரி எங்கே போவது?

வழமையாக இப்பத்தியில் வரி, வங்கி, செக், வாடகை என்று எழுதி வருகிறேன். இவ்வாரம் எழுதப்போவதும் வியாபார விடயம்தான். கடை, சாமான், கணக்கு எல்லாவற்றையும் சுமப்பது முதலாளியின் தலை. அந்தத் தலைக்குச் சுகமில்லாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி நமது ஆட்கள் வாய் திறப்பதில்லை. திறக்காததற்குக் காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டுவிட்டது. புறக்கோட்டையில் எனது நெருங்கிய கூட்டாளி ஒருவர் 50,000 டொலர் பெறுமதியான சாமானைக் கடனுக்கு இறக்கி, 200 ரூபா கணக்கில் விலை போட்டு, விற்றும் முடித்திருந்தார். பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் 1 கோடி ரூபாக் கடன் 1 கோடி 80 இலட்சமாகி நின்றது. இலாபத்தை விடுங்கள், முதலே போய்விட்டது.

அவர் கடையை மூடவில்லை. நாள் தவறாமல் வந்தார். ஆனால் ஒரே பக்கத்தை மூன்று தரம் கூட்டுவார், மூன்று தரமும் வேறு வேறு தொகை வரும். இரவு மூன்று மணிக்கு விழித்தால் சுபஹு வரை கண் மூடாது. நெஞ்சு இறுக்குகிறது என்று ஈசீஜீ எடுத்தார். இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். பார்மசியில் கேட்டு வாங்கி நித்திரைக் குளிசை போட ஆரம்பித்தார். கடன் கொடுத்தவர்கள் சபில் நிற்பார்கள் என்று இஷாவுக்குப் பள்ளிக்கு வருவதையும் விட்டார். நான் அவருக்குச் சொன்னதெல்லாம், "பொறுமையா இருங்க, அல்லாஹ் லேசாக்குவான்" என்பதுதான். மூன்று மாதம் இதையே சொன்னேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்தியது எனது பிழை.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "நான் இல்லாமப் போனா புள்ளைகள்ட்ட கடன் கேக்க மாட்டாங்க தானே மச்சான்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குக் கை கால் குளிர்ந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் கடைத் திறப்பை மகனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு அவரை டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

இனி அந்தக் காரணம். நமது சந்தையில் பெயர்தான் முதல். இன்னார் மனநல டொக்டரிடம் போகிறாராம் என்ற கதை லுஹருக்குக் கிளம்பினால் அஸருக்கு முன் சாமான் கொடுப்பவன் காசுக்குத்தான் தருவேன் என்பான். பெண் பேசிய இடத்திலும் கதை போகும். "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்பது நமக்குப் பரிகாசச் சொல். ஆகவே இந்தப் பயம் மடத்தனமல்ல, கணக்குத் தெரிந்தவனின் பயம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நோயாளி சொன்னதை வெளியில் சொல்லாதிருப்பது டொக்டரின் தொழில் கடமை. எந்தக் கிளினிக்கும் உங்கள் வங்கிக்குக் கடிதம் எழுதுவதில்லை. ஊரில் தெரிந்த முகங்கள் வரும் என்றால் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வைத்தியம் செய்யாமல் விட்டாலோ செக் திரும்பும், விலை மாறிப் போகும், நல்ல வாடிக்கைக்காரன் மேல் எரிந்து விழுவீர்கள். சந்தை இதையெல்லாம் டொக்டரின் துண்டைவிடச் சீக்கிரம் வாசித்துவிடும்.

கவலை எல்லாருக்கும் உண்டு. செக் திரும்பிய அன்று நித்திரை வராதது நோயல்ல. நாளில் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, எதிலும் விருப்பமின்மை, நித்திரையும் பசியும் கெடுவது, தீர்மானம் எடுக்க முடியாமை, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் - இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். ஆண்களில் இது அழுகையாக வராமல் கோபமாகவும் உடம்பு வலியாகவும் வருவதுண்டு.

முதல் வேலை, ஒரே ஒரு ஆளிடம் சொல்வது. மனைவி, சகோதரன், பழைய கூட்டாளி யாராகவும் இருக்கலாம். உங்களுக்குக் கடன் தந்தவராகவோ தர வேண்டியவராகவோ இல்லாதிருந்தால் நல்லது.

அடுத்தது, எடுத்த எடுப்பில் பெரிய டொக்டரைத் தேட வேண்டியதில்லை. வழமையாகப் பார்க்கும் குடும்ப டொக்டரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியிலோ ஆரம்பிக்கலாம். அங்கே நெஞ்சு வலி என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நம்மில் பலர் செய்வது அதுதான். நித்திரை, பசி, கோபம், மனதில் ஓடும் எண்ணம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனது கூட்டாளி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட ஆளைச் சோர வைக்கும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை எழுதித் தரக்கூடும். தேவைப்பட்டால் அங்கிருந்தே மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

மனநோய் என்றால் அங்கொடைதான் என்பது பழைய கதை. சுனாமிக்குப் பிறகு, 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கையின் நோக்கமே இந்தச் சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோவதுதான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. காசில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும். வசதி உள்ளவர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் செனல் பண்ணலாம். ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல டொக்டர் என்பவர் மருத்துவம் படித்து, இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவர், மருந்து எழுதுவார். ஆலோசகர் மருந்து தருவதில்லை, பேச்சால் உதவுவார். இரண்டும் சேர்ந்து தேவைப்படுவோரும் உண்டு. போர்ட் மாட்டியவரெல்லாம் படித்தவரல்ல; என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் வெட்கமில்லை. சாமான் வாங்கும்போது கேட்கிறோம்தானே.

பாஷை விடயத்தையும் பாருங்கள். கடையில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவருக்கும் மனதில் உள்ளதைச் சொல்லத் தாய்மொழிதான் வசதி. தமிழ் தெரிந்த டொக்டர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இல்லாவிட்டால் ஒருவரைக் கூட்டிப் போகலாம், ஆனால் அது மகனாக இருக்க வேண்டாம். மகன் முன்னால் தகப்பன் உண்மை பேசமாட்டார்.

மருந்து எழுதினால் அவசரப்படக் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றைக் குமட்டலாம். பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். இவை பழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். பழக்கமாகக்கூடியவை பெரும்பாலும் நாமாக வாங்கிப் போடும் நித்திரைக் குளிசைகள்தான். இருந்தாலும் எதையும் சடுதியாக நிறுத்தாமல் டொக்டர் சொல்லும்படி குறைக்க வேண்டும். நோன்பு மாதம் வருமுன் டொக்டரிடம் பேசி, மருந்து நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். லித்தியம் போன்ற மருந்து எடுப்பவருக்கு உடம்பில் நீர் குறைந்தால் ஆபத்து. அவர் நோன்பு பிடிக்கலாமா என்பதை டொக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஓதிப் பார்ப்பதை விடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் ஓதி வந்தார்கள். கவலையையும் கடனையும் ஒரே துஆவில் சேர்த்திருப்பது வியாபாரிக்குப் புரியும். மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்னதும் அவர்களே. 10ஆம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலின் சுகத்தையும் மனதின் சுகத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கெய்ரோவில் 13ஆம் நூற்றாண்டில் சுல்தான் கலாவூன் கட்டிய ஆஸ்பத்திரியில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. ஆகவே இது நமக்குப் புதிதல்ல. ஓதுங்கள், மருந்தும் எடுங்கள். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, "இது செய்வினை, குளிசையை நிறுத்து" என்று சொல்பவரிடம் மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.

கூட்டாளி ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், அது ஹராம் என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவருக்கும் அது தெரியும். உயிரை மாய்க்க நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்நாட்டில் குற்றமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் இரகசியம் காத்து, மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவுகிறது.

எனது கூட்டாளியின் கடனைக் குளிசை அடைக்கவில்லை. ஆனால் ஐந்தாம் கிழமையளவில் நித்திரை வரத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தானே எழுதி, பெரிய கடன்காரரிடம் முதலில் போனார். நானும் கூடப் போனேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை மூணு மாசத்துக்கு முந்தி கொண்டுவந்திருந்தா நான் ஆளனுப்பியிருக்க மாட்டேனே" என்றார். தவணை பேசி முடித்தோம். இரண்டு கடையில் ஒன்றைக் கொடுத்தாயிற்று. மற்றது நடக்கிறது.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றார்.