பள்ளி திறக்குமுன்

கோடை கழிந்து பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்குகின்றது. திருமழிசைப் பகுதியில் சில குடும்பங்கள் இதற்கென வட்டிக்குக் கடன்படுவதை ஆய்வுக்குச் செல்லுங்கால் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது வேண்டாத சுமையே. அரசுப் பள்ளியில் பாடநூல் விலையின்றிக் கிடைக்கின்றது. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சீருடையும் உண்டு. அத்துணியை நெய்வதில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்குண்டு. வயதுச் சான்று இல்லையென்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லையென்றோ அவ்வகுப்பு வரை சேர்க்க மறுத்தலாகாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம்.

1958-இல் இம்மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாட்டையடுத்து, ஊர்தோறும் மக்களே பள்ளிக்கு வேண்டியன திரட்டித் தந்தனர். அதுவும் கூட்டுறவன்றோ? எஞ்சும் செலவுக்குச் சங்கத்தில் மாதந்தோறும் சிறுதொகை சேமியுங்கள். ஜூன் மாதத்தில் வட்டிக்கடை வாயிலில் நில்லாது, பிள்ளையின் கைப்பற்றிப் பள்ளி வாயிலில் நிற்கலாம்.