கேபிள் எட்டாத ஊருக்கும் இணையம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கைப்பேசிகள் தயாராகின்றன. அங்கே கேபிள் எட்டாத கிராமத்து வீடுகளுக்கும் இணையம் கொண்டு செல்ல வழி உண்டு.

2.4 கிகாஹெர்ட்ஸ் வானலை ஊர்ப் பொதுக்குளம் போன்றது. 2005 முதல், குறித்த திறனுக்குள், எவரும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வைஃபை மூலம் சுற்றூர் மையங்களை இணைத்தது. மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியைத் திரையில் பார்த்தார். பலருக்கும் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம்.

இரு முனை ஆன்டெனாக்களும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். நடுவே தோப்பு மறைத்தால் இணைப்பு கெடும். ஒரே சேனலில் பலர் கூடினால் வேகம் குறையும். கலந்து பேசிப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஊராட்சி அலுவலகத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்துள்ளதா என்று கிராமசபையில் கேளுங்கள். 2020இல் ஒப்புதல் பெற்ற பி.எம். வாணி திட்டப்படி, பெட்டிக்கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றி வைஃபை வழங்கலாம்.