கூட்டம் சேரும்வரை பாடு!

திருவண்ணாமலைக்கு ஓசை புதிதல்ல. 217 அடி உயர்ந்த இராசகோபுரத்தின் அடியில் நாள்தோறும் மேளம் முழங்குகிறது. கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சிக் கொப்பரையில் சுடர் தெரிந்ததும் இலட்சக்கணக்கானோர் எழுப்பும் முழக்கம் ஊரையே உலுக்குகிறது. முழுநிலா இரவுகளிலோ, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் ஒலிபெருக்கிகளுக்கு உறக்கமே இல்லை. இத்தனை ஓசையையும் தாங்கிக்கொள்ளும் ஊரில், நாலு தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரு கிதாரையும் ஒரு பறையையும் சேர்த்து வைத்துப் பாடத் தொடங்கினால் மட்டும், "என்னடா கூச்சல் இது?" என்று கேட்பார் இருக்கிறார்கள்!

கேட்பவர் கேட்கட்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பாடச் சொல்லி, பாதியில் இறக்கிவிடுகிறோமே, நாம் — நம்மைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

ராக் இசை என்று மேனாட்டார் சொல்வது ஏதோ மாயமன்று. மின்சாரக் கிதார், தாளத்துக்கு டிரம்ஸ், அடக்கி வைக்காத குரல் — அவ்வளவே அதன் முதல். அப்படியொரு குழு இந்த ஊரில் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் இருசக்கர வண்டி பழுது பார்ப்பவன். ஒருவன் பந்தல் கட்டுபவன். ஒருவன் கல்லூரி மாணவன். ஒருவன் பறையடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கிதார் தவணையில் வந்தது. டிரம்ஸ் வாடகைக்கு வந்தது. ஒத்திகைக்கு இடம், இரவு எட்டு மணிக்குமேல் ஷட்டர் இறக்கிய பட்டறை. ஆறு மாதம் ஆகிறது. டிரம்ஸ் அடித்தவன் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விடுகிறான். இன்னொருவன் வருகிறான், அவன் கை பழகுவதற்குள் பாடுகிறவனுக்குத் திருமணம், "கூத்தாடப் போகிறேன் என்றால் பெண் யார் கொடுப்பார்?" என்று வீட்டில் கண்ணீர். மறுபடி ஆள் தேடல், மறுபடி முதல் பாட்டிலிருந்து ஒத்திகை!

இது திருவண்ணாமலைப் பட்டறையின் தலைவிதி மட்டும்தானா? இல்லை, தோழர்களே. உலகம் புகழ்ந்த குழுக்களும் இந்த வழியாகத்தான் வந்தன.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1956-இல் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவன் தோழர்களைச் சேர்த்து ஒரு குழு கண்டான். கருவி வாங்கப் பணமேது? தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டி ஒரு கருவி. துணி துவைக்கும் தகரப் பலகையைத் தேய்த்துத் தாளம்! 1957 சூலை 6-ஆம் நாள் ஒரு மாதாகோயில் திருவிழாவில் பாடினார்கள். அங்கேதான் பால் மெக்கார்ட்னி லெனனைச் சந்தித்தான். மறு ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தான் — பஸ் ஓட்டுநரின் மகன். 1960-இல் செர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். சினிமாக் கொட்டகையின் பின்கட்டில் படுக்கை, இரவுதோறும் மணிக்கணக்கில் பாட்டு. 1962 ஆகஸ்டில் டிரம்ஸ்காரரும் மாறினார். ரிங்கோ ஸ்டார் வந்தார். அதன் பிறகே, அந்த ஆண்டு அக்டோபரில், பீட்டில்ஸ் என்ற பெயரில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அன்றைய திருவிழா மேடையில் ஏறிய குழுவில் லெனன் ஒருவனே கடைசிவரை நின்றான். மற்றவர் எல்லாம் மாறிவிட்டார்கள். ஆள் மாறினால் குழு அழியாது. ஆறாண்டு பொறுக்க மனமும், பாட ஒரு மேடையும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

லிவர்பூல் தொலைவு என்றால், பண்ணைப்புரத்துக்கு வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். அந்த ஊரின் பாவலர் வரதராசன், ஆர்மோனியமும் கையுமாகப் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தொகுதி. கேரளத்து முதல் பொதுவுடைமை அமைச்சரவையோ மெல்லிய பெரும்பான்மையில் நின்ற காலம். பாவலர் தோட்டம் தோட்டமாகப் பாடினார். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பேச்சு எட்டாத லயத்து வீட்டுக்குள்ளும் பாட்டு நுழைந்தது!

பாவலரோடு தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர் ஆகியோரும் சேர்ந்தார்கள். பாவலர் பிரதர்ஸ் ஆனது குழு. ராசையா முதலில் பெண் குரலில் பாடினான். குரல் உடைந்ததும் அந்த இடம் போயிற்று. அவன் சோர்ந்து மூலையில் உட்காரவில்லை. அண்ணன் தொடக்கூடாது என்று சொன்ன ஆர்மோனியத்தைத் திருட்டுத்தனமாகப் பழகியவனாயிற்றே, வாசிப்பவனாக நின்றான். பிறகு தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாய் வீட்டு வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாயைக் கையில் கொடுத்தார். அந்த ராசையாதான் 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் நாடறிந்த இளையராஜா. வானொலியை விற்றார் அந்தத் தாய்; சில ஆண்டுகளில் வானொலியெல்லாம் அவர் மகனின் பாட்டு!

இனி நம் நாளுக்கு வருவோம். 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவுக்கு ஆள் திரட்டினார்கள். இழவு வீட்டில் கானா பாடியவர், பறையடித்தவர், சட்டியும் கட்டை மோளமும் கொட்டியவர், மின்சாரக் கிதார் வாசித்தவர், ராப் சொன்னவர் என 19 பேர் ஒரே மேடையில்! அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்ற சொல்லை நினைவில் நிறுத்தி 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர் சூட்டினார்கள். 2018 சனவரி 6-இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. ஆயிரக்கணக்கில் கூடினார்கள் மக்கள். இட ஒதுக்கீடு பாட்டாயிற்று; மாட்டுக்கறி பாட்டாயிற்று. பிணத்துக்கு முன்னால் மட்டுமே ஒலிக்கலாம் என்று ஊர் ஒதுக்கிய பறை, கிதாருக்குச் சமமாக நடுமேடையில் நின்றது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பெண் குரலாக எழுந்த இசைவாணி, 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்களின் பட்டியலில் இடம்பெற்றார்.

அதே குழுவில் பாடியவர் அறிவு. அரக்கோணத்துப் பிள்ளை, திருவண்ணாமலையும் அரக்கோணமும் ஒரே வடஆர்க்காடு மாவட்டமாக இருந்த ஊர்கள்தாம். அவர் தனித்தும் பாடினார். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அவர் எடுத்தது. உலகெங்கும் ஒலித்தது அந்தப் பாட்டு. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அதன் பெருமையை அட்டையில் போட்டபோது, அட்டையில் அறிவைக் காணோம்! இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனம் வலுத்த பிறகே அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வந்தது.

"பார்த்தீர்களா, முதலாளிப் பத்திரிகையின் போக்கை!" என்று கொதிக்கிறோம் அல்லவா? கொதிப்பு நியாயமே. ஆனால், தோழர்களே, நம் சுவரொட்டியை ஒருமுறை பாருங்கள். தலைமை ஏற்பவர் பெயர் உண்டு. முன்னிலை வகிப்பவர் பெயர் உண்டு. வரவேற்பவர், நன்றி நவில்பவர், நாற்காலி ஏற்பாடு செய்தவர் பெயர்கூட உண்டு. பாடுகிறவர் பெயர்? "இன்னிசை நிகழ்ச்சி நடைபெறும்" — அதோடு சரி!

கூட்டத்தன்று நடப்பது என்ன? ஆறு மணிக்கு மேடை. ஐந்துக்கே பிள்ளைகள் கருவிகளோடு வந்து நிற்கிறார்கள். "கூட்டம் சேரும்வரை பாடுங்கப்பா!" என்கிறோம். பாடுகிறார்கள், கூட்டம் சேர்கிறது. சேர்ந்த கூட்டம் கைதட்டுகிறது. நாலாவது பாட்டில், இரண்டாவது அடியில், தெருமுனையில் கார் விளக்குத் தெரிகிறது. உடனே ஒரு கை ஒலிவாங்கியைப் பிடுங்குகிறது. "தலைவர் வந்துவிட்டார், நிறுத்து, நிறுத்து!" வாய் திறந்தபடி நிற்கிறான் பாடகன். நள்ளிரவில் கூட்டம் முடிந்து, பொட்டலச் சோறும் ஒரு துண்டும் கொடுத்து, "நம்ம கட்சிக்குத்தானே தம்பி!" என்று தோளில் தட்டி அனுப்புகிறோம். பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்க்கிறோம், ஒலிபெருக்கிக்காரருக்குத் தீர்க்கிறோம், பறையடித்தவனுக்கு மட்டும் "நம்ம பையன்!" சாதி ஒழிப்பு பேசிய மேடையிலேயே, பறையடித்தவனுக்குக் கூலி இல்லை என்றால், ஊரின் பழைய வழக்கத்தைத்தானே நாமும் தொடர்கிறோம்?

நம் மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்து தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. வேடம் கட்டுகிறவர் மாறியிருக்கிறார்; கூத்து மாறவில்லை. துரியோதனன் வேடம் போட்டவரைப் பார்த்து, "ஊர்ப் பெரியவர் வந்துவிட்டார், படுகளத்துக்கு முன்பே இறங்கு" என்று எந்த உழவனாவது சொல்லியதுண்டா? திருவண்ணாமலையிலேயே முற்போக்கு எழுத்தாளர்கள் டிசம்பர் 31 இரவுகளில் கலை இலக்கிய இரவு நடத்தியபோது, மக்கள் தெருவில் உட்கார்ந்து விடியவிடியக் கேட்டார்கள். கேட்கும் பொறுமை மக்களுக்கு உண்டு. இல்லாதது மேடையில் இருக்கும் நமக்கு!

எனவே நாம் சொல்வது மூன்றே மூன்று. ஒன்று: பாடுகிறவர்களின் பெயரைச் சுவரொட்டியில் போடுங்கள். இரண்டு: மேடை ஏறும் முன்பே தொகையைப் பேசி, இறங்கும் முன்பே கையில் கொடுங்கள், அது தர்மமன்று, கூலி. கூலிக்காகக் கொடி பிடித்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? மூன்று: இரவில் பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தையும் சங்க அலுவலகத்தையும் ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள். திருப்பூருக்குப் போனவனின் இடத்தில் இன்னொருவன் வந்து பழக வேண்டுமே! பறைக்கு எதிர்ப்பு வருமானால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நாமே நிற்போம்.

அடுத்த கூட்டம் எப்போது? அன்று அந்தப் பிள்ளைகளைத் தேடி அழையுங்கள். பாட்டின் நடுவே தெருமுனையில் கார் விளக்குத் தெரியும். வழக்கம்போல் ஒரு கை ஒலிவாங்கியை நோக்கி நீளும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிற தோழனாக இருங்கள். தலைவர் வந்துவிட்டாரா? வரட்டும்; நாற்காலி இருக்கிறது. பாட்டு முடியட்டும்!