உங்களுக்குத் தெரியுமா? விமானத்துக்குள் ஓர் ஊட்டி!

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே நிலவும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுதான்! 6,000 முதல் 8,000 அடி உயர மலைக்குச் சமம்.

• ஆக்சிஜன் சற்றுக் குறைவதால் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அது கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பறக்கலாம்.

• பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பாதுகாப்புச் சோதனையில் அதன் அடையாள அட்டையைக் காட்டுங்கள். மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் கடந்துவிடுங்கள். சோதனைக் கைக்கருவியை நெஞ்சருகே பிடிக்க வேண்டாம் எனச் சொல்லுங்கள்.

• விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து சென்னை விமான நிலையம் செல்லவே 100 கிலோமீட்டருக்கு மேல். மாத்திரை வேளை வழியிலேயே வந்துவிடலாம். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

• அண்மையில் மயக்கம், படபடப்பு வந்ததா? டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.